140 மிமீ ஏர் ஃபோர்க்கை டர்ட் ஜம்ப்புக்கு 100 மிமீ ஆக்குவது: ஷாஃப்ட், டோக்கன், ஆயில்

#1 சரளைக்கல்

வணக்கம். 26 அங்குல டர்ட் ஜம்ப் (மண்மேடுகளில் தாவும்) சைக்கிள் ஃப்ரேம், பின்பக்கம் சஸ்பென்ஷன் கிடையாது. கையில் இருப்பது 140 மிமீ டிராவல் (அமுங்கும் தூரம்), 35 மிமீ கால் உள்ள டிரெய்ல் ஏர் ஃபோர்க் (காற்றே ஸ்பிரிங்காக உள்ள முன் ஃபோர்க்). நெகடிவ் அறை (பிஸ்டனுக்குக் கீழே உள்ள காற்றறை) தானாக நிரம்பும் வகை. ஃப்ரேம் 100 மிமீ ஃபோர்க்கை நினைத்து வரையப்பட்டது. ஓட்டுபவர் எடை 75 கிலோ.

மூன்று சந்தேகம். டிராவலைக் குறைக்க உள்ளே ஸ்பேசர் போட்டால் போதுமா, பிஸ்டனைத் தாங்கும் ஷாஃப்டையே மாற்ற வேண்டுமா? மெத்தென்று இருப்பதைக் கெட்டியாக்க வெறும் காற்றை ஏற்றினால் ஆகாதா? டாம்பரை (ஆயிலால் அசைவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) தொட வேண்டுமா?

#2 ஷிம் அடுக்கு

முதலில் ஸ்பேசர் கதையை முடித்துவிடலாம், அதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

தானாக நிரம்பும் நெகடிவ் அறை எப்படி நிரம்புகிறது? ஸ்டாங்க்ஷன் (ஃபோர்க்கின் மேல் கால்) குழாயின் உள்சுவரில் ஓரிடத்தில் சின்னக் குழி இருக்கும். பிஸ்டன் சீல் அந்தக் குழியைத் தாண்டும் கணத்தில் மேலறைக் காற்று கீழறைக்குக் கசிந்து இரண்டும் சமமாகும். ஃபோர்க் கிட்டத்தட்ட முழுதாக நீண்டிருக்கும் நிலையில் பிஸ்டன் எங்கே இருக்குமோ அங்கே அந்தக் குழியை வைத்திருப்பார்கள். இப்போது பிஸ்டனுக்கும் சீல் ஹெட்டுக்கும் (அந்தக் குழாயின் அடியை மூடும் பாகம்) நடுவே 40 மிமீ ஸ்பேசரைச் செருகினால் பிஸ்டன் குழிக்கு மேலேயே நின்றுவிடும், கீழே வரவே வராது. நெகடிவ் அறை நிரம்பாது. ஒவ்வொரு தாவலிலும் சக்கரம் தரையை விட்டதும் ஃபோர்க் முழுதும் நீண்டு 'டக்' என்று மேல்முட்டில் அடிக்கும். ஆரம்ப அசைவு கல் மாதிரி இருக்கும். ஆகவே உங்கள் வகைக்கு ஷாஃப்ட் மாற்றம் ஒன்றுதான் வழி.

ஸ்பேசர் செல்லுபடியாகும் இடங்களும் உண்டு. நெகடிவ் பக்கத்துக்குத் தனி வால்வு உள்ள பழைய ராக்ஷாக்ஸ் டூயல் ஏர், நெகடிவ் பக்கம் காயில் ஸ்பிரிங் உள்ள பழைய ஃபாக்ஸ் ஃப்ளோட், பிறகு காயில் ஃபோர்க்குகள். எதுவானாலும் ஃபோர்க் செய்தவர் விற்கும் ஸ்பேசர்தான். பிவிசி குழாயை அறுத்துப் போடுவோர் உண்டு. மேல்முட்டு அடியில் அது விண்டு போகும், சில்லு பிஸ்டன் சீலைக் கீறும், அப்புறம் ஒரு நாள் தரையிறங்கும்போது காற்று மொத்தமும் போகும்.

ஷாஃப்ட் வாங்குமுன் உங்கள் மாடல், ஆண்டு, சக்கர அளவு மூன்றையும் வைத்து உதிரிபாகப் பட்டியலைப் பாருங்கள். டிரெய்ல் ஃபோர்க் பல 120 மிமீயோடு நின்றுவிடும். 100 மிமீ ஷாஃப்ட் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அந்த ஃபோர்க்கை விட்டுவிட்டு ராக்ஷாக்ஸ் பைக் (Pike) டிஜே, ஃபாக்ஸ் 831, மார்ஸோக்கி பாம்பர் டிஜே, மானிட்டூ சர்க்கஸ் போன்று இதற்கென்றே வருவதைத் தேடுவது உத்தமம்.

#3 பழைய காயில்

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு. கால் விட்டம் 28, 30 மிமீ இருக்கிற ஆரம்ப நிலை ஃபோர்க்கை யாரும் இதுக்கு மாத்த உட்காராதீங்க. உள்ளே எதை மாத்தினாலும் க்ரவுனும் (ரெண்டு காலும் சேர்ற இடம்) ஸ்டீயரரும் (அதிலிருந்து ஹேண்டிலுக்குப் போற குழாய்) அதேதான். ஏஎஸ்டிஎம் எஃப்2043 வகைப்பாட்டில் 3ஆம் நிலை 61 செமீ உயரத்துக்குக் கீழே உள்ள தாவலுக்கு, 4ஆம் நிலை 122 செமீக்குக் கீழே, 5ஆம் நிலைதான் அதுக்கு மேலே. ஃபோர்க் கையேட்டில் எந்த நிலைன்னு போட்டிருக்கும். 3ன்னு இருந்தா டோக்கன் (காற்றறையை அடைக்கற கட்டை) போட்டாலும் 3தான்.

சரளைக்கல் தம்பி, உங்களோட 35 மிமீ கால் தாங்கும், ஆனா உங்க கையேட்டையும் ஒரு தடவை புரட்டிடுங்க.

#4 மண்மேடு

அளவு பற்றிச் சுருக்கமாக: ஃபோர்க் உயரம் 20 மிமீ குறைந்தால் தலைக்குழாய்க் கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரி செங்குத்தாகும். வீல்பேஸ் 1050 மிமீ, செயின்ஸ்டே (பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரை உள்ள குழாய்) 390 மிமீ என்று வைத்தால் பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு இருக்கும் இடம்) சுமார் 7 மிமீ இறங்கும். 40 மிமீ குறைத்தால் இரண்டும் இரட்டிப்பு. 100 மிமீக்கு வரைந்த ஃப்ரேமில் 140ஐ மாட்டியிருந்தால் இவ்வளவு நாள் முன்புறம் தூக்கலாக இருந்திருக்கும். குறைத்த பிறகுதான் ஃப்ரேம் அதன் சரியான கோணத்துக்கு வரும். ஆனால் டிராவல் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஆக்ஸிலிலிருந்து க்ரவுன் வரை டேப் வைத்து அளந்து, ஃப்ரேம் செய்தவர் சொன்ன நீளத்தோடு ஒப்பிடுங்கள். ஒரே 100 மிமீ டிராவல் உள்ள 26 அங்குல ஃபோர்க்கும் 29 அங்குல ஃபோர்க்கும் இந்த நீளத்தில் வெகுவாக வேறுபடும்.

#5 சரளைக்கல்

100 மிமீ ஷாஃப்ட் பட்டியலில் இருக்கிறது. கையேட்டையும் பார்த்தாயிற்று, தாவலுக்குத் தகும் நிலைதான். அப்படியானால் ஷாஃப்டை மாற்றி, காற்றைக் கூட்டினால் வேலை முடிந்ததா?

#6 ஷிம் அடுக்கு

இல்லை. இந்த இழையில் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஷாஃப்ட் குட்டையானாலும் பிஸ்டன் புறப்படும் இடம் மாறாது, சீல் ஹெட்டை ஒட்டியே நிற்கும். அது மேலே போகும் தூரம் மட்டும் 140இலிருந்து 100 ஆகிறது. மேலறையின் நீளம் 200 மிமீ என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். 140 மிமீ அமுங்கினால் மிச்சம் 60. அழுத்த விகிதம் 200/60, அதாவது 3.3. 100 மிமீ மட்டும் அமுங்கினால் மிச்சம் 100, விகிதம் 2. எனவே டிராவலைக் குறைத்ததும் ஃபோர்க் கடைசிப் பகுதியில் இறுகும் குணத்தை இழந்துவிடுகிறது. பழைய அழுத்தத்தையே வைத்து மேட்டிலிருந்து இறங்கினால் கடைசி வரை ஒரே சீராக ஓடி அடிமுட்டும்.

இதைக் காற்றால் மட்டும் சரிக்கட்டப் பார்த்தால் என்ன ஆகும்? விகிதம் 3 இருக்கும்போது 90 பிஎஸ்ஐ போதுமென்று வைப்போம். வளிமண்டல அழுத்தம் 14.7ஐச் சேர்த்தால் 104.7, மூன்று மடங்கு 314. விகிதம் 2இல் அதே 314ஐ எட்ட 157 வேண்டும், 14.7ஐக் கழித்தால் பம்ப் முள்ளில் 142 பிஎஸ்ஐ. வேகமான அசைவில் காற்று சூடாவதால் உண்மை எண்கள் இன்னும் ஏறும், ஆனால் ஒப்பீடு மாறாது. 142 பிஎஸ்ஐயில் 75 கிலோ ஆள் ஏறினால் சாக் (ஆள் எடையில் ஃபோர்க் அமுங்கி நிற்கும் அளவு) கிட்டத்தட்ட பூஜ்யம், சின்னச் சின்ன மேடெல்லாம் மணிக்கட்டில் இறங்கும். சில ஃபோர்க்கில் அது அனுமதித்த உச்ச அழுத்தத்தையே தாண்டிவிடும்.

வழி, அறையின் கொள்ளளவைக் குறைப்பது. 35 மிமீ காலின் உள்விட்டம் 32 மிமீ என்றால் குறுக்குப் பரப்பு 8 சதுர செமீ. 10 மிமீ உயரத்தை அடைத்தால் 8 மிலி அடைபடும். விகிதம் 3 வேண்டுமென்றால் மேலறை 200இலிருந்து 150 மிமீ ஆக வேண்டும், அதாவது சுமார் 40 மிலி. டோக்கன் ஒன்றின் கொள்ளளவை அதன் பட்டியலில் பார்த்து வகுத்துக்கொள்ளுங்கள். டிராவலுக்கு ஏற்ப எத்தனை டோக்கன் வரை போடலாம் என்று அட்டவணை வரும்; டிராவல் குறையக் குறைய அந்த எண்ணிக்கை கூடும். காரணம் மேலே சொன்னதுதான். உச்ச எண்ணிக்கையைத் தாண்டினால் கடைசி 15 மிமீ டிராவல் காகிதத்தில் மட்டும் இருக்கும்.

#7 பழைய காயில்

டோக்கன் கிடைக்கலைன்னா மேலறையில் சஸ்பென்ஷன் ஆயில் ஊத்தற பழைய வழி இருக்கு. 5 மிலி, இன்னொரு 5 மிலின்னு ஏத்திப் பாக்கலாம். ஆயில் அமுங்காது, அத்தனை மிலி டோக்கன் போட்ட கணக்குதான்.

#8 ஷிம் அடுக்கு

10 மிலி வரை சரி, அதற்கு மேல் வேண்டாம். தானாக நிரம்பும் வகையில் அந்த ஆயில் குழி வழியாக மெல்ல நெகடிவ் அறைக்கு இறங்கிவிடும். நெகடிவ் அறை சிறுத்தால் ஃபோர்க்கின் ஆரம்ப அசைவு மறுபடி முரடாகும். சைக்கிளைத் தலைகீழாக வைத்துக் காற்று திறந்தால் வால்வு வழியே ஆயில் பீய்ச்சும், ஷாக் பம்ப் கேஜுக்குள்ளும் போகும்.

#9 மண்மேடு

கழற்றி மாட்டும் வரிசை. ராக்ஷாக்ஸ் வகையை வைத்து எழுதுகிறேன். மற்றவற்றில் அளவுகள் மாறும்.

1. காற்றை மெதுவாக முழுதும் இறக்குங்கள். இறக்கியதும் ஃபோர்க்கை இரண்டு முறை அமுக்கி மறுபடி வால்வை அழுத்துங்கள். நெகடிவ் அறையில் சிக்கிய காற்றோடு சர்க்ளிப்பை (சீல் ஹெட்டைப் பிடித்திருக்கும் வளையக் கிளிப்) கழற்றினால் ஷாஃப்ட் தோட்டா மாதிரி வரும்.

2. ரீபவுண்ட் (அமுங்கிய ஃபோர்க் திரும்ப விரிவது) திருகைக் கழற்றி, அடியில் உள்ள இரண்டு போல்ட்டையும் மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்துங்கள். போல்ட் தலையில் பிளாஸ்டிக் சுத்தியால் தட்டினால் உள்ளே ஷாஃப்ட் விடுபடும். முழுதும் கழற்றிவிட்டுத் தட்டாதீர்கள், மரை நசுங்கும்.

3. லோயர்ஸை (கீழ்க் கால்கள்) உருவி ஆயிலைத் தட்டில் வடியுங்கள். ஆயில் சாம்பல் நிறமாக இருந்தால் தூசி சீலும் ஸ்பாஞ்சு வளையமும் மாற்றும் நேரம்.

4. ஏர் ஷாஃப்டை மேலே தள்ளிவிட்டு, ஸ்டாங்க்ஷன் அடியில் உள்ள சர்க்ளிப்பை இடுக்கியால் எடுங்கள். ஷாஃப்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் சீல் ஹெட்டோடு வரும்.

5. குழாயின் உள்ளே ஐசோப்ரொபைல் ஆல்கஹால், நார் உதிராத துணி. புதிய ஷாஃப்டின் பிஸ்டன் சீலுக்கும் சீல் ஹெட் ஓ-ரிங்குக்கும் சஸ்பென்ஷன் கிரீஸ் மெல்லிய பூச்சாக. அப்பினால் உபரி கிரீஸ் அந்தக் குழியை அடைத்து, நெகடிவ் அறை நிரம்பாமல் போகும்.

6. சர்க்ளிப்பின் கூரான விளிம்பு வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். மாட்டியபின் இடுக்கியால் சுற்றிப் பாருங்கள். பள்ளத்துக்குள் தடையின்றிச் சுழன்றால் உட்கார்ந்துவிட்டது. ஷாஃப்டைப் பிடித்துக் கீழே பலமாக இழுத்தும் பாருங்கள்.

7. ஸ்பாஞ்சு வளையத்தை ஆயிலில் ஊறவைத்து, லோயர்ஸைப் பாதி ஏற்றி, போல்ட் துளை வழியாக சிரிஞ்சில் ஆயில் விட்டு, பிறகு முழுதும் தள்ளுங்கள். நசுங்கும் வாஷர் புதிது. அடி போல்ட் 7.3 நியூட்டன் மீட்டர், மேல்மூடி 28 நியூட்டன் மீட்டர்.

ஃபாக்ஸில் அடி நட்டு 5.65, மேல்மூடி 24.8 நியூட்டன் மீட்டர். மேல்மூடியின் விளிம்பு மெல்லியது. சாக்கெட்டின் வாய்ச் சரிவை அரைத்துத் தட்டையாக்கிக்கொண்டால் விளிம்பு மழுங்காது.

காற்று ஏற்றும்போது ஐம்பது பிஎஸ்ஐக்கு ஒரு தரம் நிறுத்தி, மெதுவாகச் சில முறை அமுக்கி நெகடிவ் அறையைச் சமப்படுத்துங்கள். ஒரே மூச்சில் 100ஐ ஏற்றி முள்ளைப் பார்த்தால், சமமானதும் அழுத்தம் இறங்கும். அதைக் கசிவு என்று நினைத்து மறுபடி கழற்றுவோர் நிறையப் பேர்.

#10 சக்கரவாளன்

லோயர்ஸில் கொஞ்சம் அதிக ஆயில் விட்டால் இன்னும் வழுக்கும் அல்லவா? கூடவே ரீபவுண்டும் கம்ப்ரெஷனும் (அமுங்குவது) மெதுவாக வேண்டுமென்றால் டாம்பரில் 5இன் இடத்தில் 10 வெயிட் ஆயில் போட்டுவிடலாமே, எளிது.

#11 ஷிம் அடுக்கு

லோயர்ஸ் ஆயில்: கையேட்டில் உள்ள மிலி. அதிகம் விட்டால் லோயர்ஸுக்குள் காற்று இருக்கும் இடம் சுருங்கும். அதுவும் ஒரு காற்று ஸ்பிரிங்தான், ஆனால் உங்கள் பம்ப்பால் அதைத் திருத்த முடியாது. கடைசி டிராவல் கிடைக்காது, தூசி சீல் வெளியே பிதுங்கும்.

டாம்பர் ஆயில்: அது எப்படிப்பட்ட டாம்பர் என்பதைப் பொறுத்தது. பிளாடர் (ரப்பர் பை) உள்ள மூடிய கார்ட்ரிட்ஜில் துளைகளும் ஷிம்மும் (ஆயில் வழியை மூடும் மெல்லிய வட்டத் தகடு) ஒரு மெல்லிய ஆயிலை மனதில் வைத்து அமைத்தவை. கெட்டி ஆயிலை ஊற்றினால் கம்ப்ரெஷன், ரீபவுண்ட், மெதுவசைவு, வேகவசைவு நான்கும் சேர்ந்து மாறும். மேட்டின் வாயில் (தாவும் விளிம்பில்) ஆதரவு கூடும் என்று செய்வீர்கள். இறங்கும்போது வேகவசைவுக் கம்ப்ரெஷன் இறுகிக் கை அதிரும். தவிர, 'வெயிட்' என்பது நம்பத்தக்க அளவும் அல்ல. ஒரு நிறுவனத்தின் 5ம் இன்னொன்றின் 5ம் ஒன்றல்ல. 40 டிகிரி செல்சியஸில் உள்ள சென்டிஸ்டோக் எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்வதென்றால் ஷிம். வட்டத் தகட்டின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கோடு கூடும்: 0.10 மிமீ ஷிம்மை எடுத்து அதே விட்டத்தில் 0.15 வைத்தால் அந்த ஒன்று மட்டும் 3.4 மடங்கு. ஆகவே முதல் மாற்றம் இன்னொரு 0.10ஐச் சேர்ப்பதாக இருக்கட்டும், 0.15க்குத் தாவ வேண்டாம். கழற்றிய அடுக்கை வரிசை குலையாமல் கம்பியில் கோர்த்து வையுங்கள். பக்கம் மாறி மாட்டினால் கண்டுபிடிக்கவே முடியாது.

#12 பழைய காயில்

திறந்த ஆயில் வகை டாம்பர்னா சக்கரவாளன் சொல்றது ஓரளவு செல்லும். பழைய மார்ஸோக்கியில் ஆயில் மட்டமே ஒரு திருகு மாதிரி. ஆயில் கூடக்கூட மேலே காற்றிடம் குறையும், கடைசியில் இறுகும். 5 மிலி கூட்டி ஓட்டிப் பாக்கணும். ஒரேயடியா நிரப்பினா கடைசியில் ஆயில் போக இடமில்லாம லாக் ஆகி சீல் தெறிக்கும்.

காயில் வச்சிருக்கறவங்களுக்கு: டிராவல் குறைக்க ஸ்பேசரை டாப்-அவுட் ஸ்பிரிங் (மேல்முட்டு அடியைத் தாங்கற ஸ்பிரிங்) பக்கம் வைக்கறது வழக்கம். ஸ்பிரிங்கை வெட்டிக் கெட்டியாக்கற ஆசை எல்லாருக்கும் வரும். சுருள் குறைஞ்சா விறைப்பு கூடும்தான், ஆனா கணக்குப் போட்டுட்டு வெட்டுங்க. உதாரணத்துக்கு நீளம் 240 மிமீ, 22 சுருள், கம்பித் தடிமன் 5. முழுக்க அமுங்கினா 110 மிமீ. ப்ரீலோட் 10, டிராவல் 100 போனா 130 மிச்சம், பிரச்சனை இல்லை. நாலு சுருள் வெட்டினா நீளம் 196, அமுங்கின நீளம் 90. 110 போனா 86. நாலு மிமீ முன்னாடியே சுருளோட சுருள் முட்டும். அந்த அடி நேரா க்ரவுனுக்குப் போகும். ரெண்டு சுருளோட நிறுத்தினா நீளம் 218, அமுங்கினது 100, மிச்சம் 108, தப்பிச்சது. விறைப்பு கூடறது சுமார் பத்து சதம்தான். அதுக்கு அடுத்த விறைப்பு ஸ்பிரிங்கை வாங்கறதே மேல்.

#13 சரளைக்கல்

டாம்பரைத் திறக்காமல் வெளித் திருகுகளால் எவ்வளவு தூரம் போகலாம்? லாக்அவுட்டை (ஃபோர்க் அசைவைப் பூட்டும் திருகு) போட்டே ஓட்டினால்?

#14 மண்மேடு

லாக்அவுட் வேண்டாம். குறிப்பிட்ட விசைக்கு மேல் திறந்துவிடும் வால்வு சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. இல்லாததில் ஓங்கி இறங்கினால் டாம்பர் சீல் போகும். மெதுவசைவுக் கம்ப்ரெஷன் திருகு இருந்தால் அதை முக்கால்வாசி மூடுங்கள். மேட்டின் வளைவில் உடலை அழுத்தி உந்தும்போது ஃபோர்க் தாழாமல் நிற்க அது போதும்.

சாக் 10 முதல் 15 மிமீ. தாவும் நிலையில், நின்றுகொண்டு அளக்க வேண்டும், உட்கார்ந்து அல்ல.

ரீபவுண்டுக்கு முதல் அளவு: ஹேண்டில்பாரை முழு எடையோடு அமுக்கிச் சட்டென்று விடுங்கள். சக்கரம் தரையை விட்டு எழும்பினால் வேகம் அதிகம். எழும்பாத முதல் கிளிக்கில் நிறுத்துங்கள். மேட்டின் வளைவில் அமுங்கிய ஃபோர்க் அதன் வாயில் விரியும். வேகமாக விரிந்தால் முன்சக்கரம் காற்றில் தூக்கிக்கொண்டு போகும், பின்சக்கரம் தாழும். மெதுவாக இருந்தால் வரிசையான மேடுகளில் ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாகத் தாழ்ந்து, நான்காவது மேட்டுக்கு வரும்போது 100 மிமீ ஃபோர்க் 60 மிமீ ஆகியிருக்கும். ரைடர்கள் இதைப் பெரும்பாலும் 'காற்று போதவில்லை' என்று தப்பாகப் படிக்கிறார்கள்.

#15 ஷிம் அடுக்கு

சேர்க்க ஒன்று: எடை கூடியவர்கள் உயர் அழுத்தத்தில் ஓட்டும்போது ரீபவுண்டை முழுதும் மூடியும் வேகம் குறையவில்லை என்பார்கள். டிரெய்ல் டாம்பர் அத்தனை ஸ்பிரிங் விசையை எதிர்பார்த்து அமைத்ததல்ல. ரீபவுண்ட் பக்க ஷிம் மாற்றம் உண்மையிலேயே தேவைப்படும் இடம் அது. அதற்கு முன் டோக்கனைக் கூட்டி அழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள், பாதி வழக்கு அதிலேயே தீரும்.

#16 சரளைக்கல்

சரி. ஷாஃப்ட், மூன்று டோக்கன், 90 பிஎஸ்ஐ என்று தொடங்குகிறேன். அடிமுட்டுகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

#17 மண்மேடு

ஸ்டாங்க்ஷனில் உள்ள ஓ-ரிங். இல்லையென்றால் மெல்லிய கேபிள் டையைத் தளர்வாகக் கட்டுங்கள். முதலில் காற்றை இறக்கி, முழுதும் அமுக்கி, ஓ-ரிங் எங்கே நிற்கிறது என்று குறித்துவிடுங்கள். உண்மையான கடைசிப் புள்ளி அதுதான். அதே நிலையில் டயருக்கும் க்ரவுனுக்கும் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வழக்கமான இறக்கத்தில் கடைசி 10 மிமீ மிஞ்ச வேண்டும். இறங்கும் சரிவைத் தவறவிட்டு மேட்டுத் தலையிலோ தட்டையிலோ விழுந்தால் மட்டும் அது தீரலாம். வழக்கமான இறக்கத்திலேயே தீர்ந்தால் ஒரு டோக்கன் கூட்டி 3 பிஎஸ்ஐ குறையுங்கள். 25 மிமீ மிஞ்சிக் கிடந்தால் ஒரு டோக்கனை எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான்.

#18 பழைய காயில்

50 மணி நேரத்துக்கு ஒருக்கா லோயர்ஸ் ஆயில் மாத்துங்க, 200க்கு டாம்பர். தாவற ஃபோர்க்குக்கு அதுவே அதிகபட்சம். அப்பப்ப முன்சக்கரத்தைச் சுவரில் முட்டவச்சு ஹேண்டில்பாரை முன்பின் ஆட்டிக் கேளுங்க. க்ரவுன்ல 'கிறீச்'னு வந்தா அழுத்திச் செருகின கால் தளர ஆரம்பிச்சிருச்சு. பசை ஊத்தறது, அடிச்சு இறுக்கறதுன்னு வைத்தியம் பாக்காதீங்க. க்ரவுன், கால், ஸ்டீயரர் மூணும் ஒரே தொகுதியா வரும், அதை மாத்தணும்.

#19 சக்கரவாளன்

கொசுறாக ஒரு கேள்வி. பழைய 20×110 (அச்சு விட்டம் × ஹப் அகலம், மிமீ) ஹப், இப்போதைய 15×110 பூஸ்ட் ஃபோர்க்கில் உட்காருமா? இரண்டும் 110தானே.

#20 ஷிம் அடுக்கு

அப்படியே உட்காராது. ஆக்ஸில் தடிமன் ஒரு பக்கம் இருக்கட்டும், டிஸ்க் நிற்கும் இடமே இரண்டிலும் வேறு. ஆக்ஸில் அடாப்டரோடு டிஸ்க்குக்கு அடியில் ஸ்பேசரும் உள்ள முழுத் தொகுப்பு அந்த ஹப்புக்கென்று இருந்தால் மட்டும் முயலுங்கள். முன் பிரேக்கே இல்லாமல் ஓட்டுபவராக இருந்தாலும் சக்கரம் கால்களுக்கு நடுவே சரிமையத்தில் நிற்கிறதா என்று அளந்துவிட்டு மாட்டுங்கள்.